குதிரைகளுக்கான உலர்புல் வயலில் எந்தப் புல்லை விதைப்பது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: 4 ஹெக்டேர் உலர்புல் வயல் பழையதாகி மெலிந்துவிட்டது, பாதிக்கு மேல் களை ஏறிவிட்டது. மேற்பகுதி நல்ல வடிகாலுள்ள நிலம். கீழ்ப்பகுதியில் சுமார் ஒரு ஹெக்டேர் ஈரம் தங்கும் களிமண். குளிர்காலம் கடுமையாக இருக்கும் பகுதி. லாயத்தில் சவாரிக் குதிரைகளோடு உடல் பெருத்த ஒரு மட்டக்குதிரையும், சினைப்பட்ட ஒரு பெட்டைக்குதிரையும் இருக்கின்றன. எந்தப் புல்லை விதைப்பது, ‘குதிரைக் கலவை’ என்று மூட்டையில் விற்பதை அப்படியே வாங்கலாமா என்பது கேள்வி.

என் பரிந்துரையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்பகுதியில் திமோத்தியும் புரோம் புல்லும், கீழ்ப்பகுதியில் திமோத்தியும் மெடோ ஃபெஸ்க்யூவும் விதையுங்கள். நெட்டை ஃபெஸ்க்யூ, ரை புல், குளோவர் (மூவிலைப் பயறுவகைச் செடி) ஆகிய மூன்றையும் வயலுக்குள் விடாதீர்கள். குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) வேண்டுமென்றால் தனிப் பாத்தியாகப் போடுங்கள், புல்லோடு கலக்காதீர்கள். விளைச்சலை மட்டும் கணக்கிட்டால் இதைவிட அதிகம் தரும் கலவைகள் உண்டு. ஆனால் உங்கள் லாயத்தில் இருக்கும் அத்தனை குதிரைகளுக்கும் ஐயமின்றிப் போடக்கூடிய புல் வேண்டுமென்றால் இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மாட்டுக்கு ஏற்ற புல்லெல்லாம் குதிரைக்கும் ஏற்றது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள், தீவனத்தில் வரும் பல நச்சுப்பொருள்களைக் குடலுக்குப் போகும் முன்பே சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதன் நொதித்தல் நடப்பது பெருங்குடலில், அதாவது சிறுகுடலில் உறிஞ்சுதல் முடிந்த பிறகு. மேய்ச்சலில் இருக்கும் குதிரை கசப்பான செடியை மூக்கால் ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் கடிக்கும். ஆனால் அதே செடி அறுத்துக் காய்ந்து கட்டுக்குள் போனபின் கசப்பை இழந்துவிடுவதால் ஒதுக்காமல் தின்றுவிடும். கல்லீரலைக் கெடுக்கும் ராக்வொர்ட் களை உயிரோடு நிற்கும்போது பெரும்பாலும் தொடப்படாமல் இருந்து, உலர்புல்லில் ஆபத்தாக மாறுவது இப்படித்தான். காய்ந்தாலும் அதன் நஞ்சு குறைவதில்லை. 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும். குளிர்காலம் முழுவதும் அந்த ஒரே வயலின் புல்தான் அதன் உணவு. ஆகவே விலக்க வேண்டியவற்றிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

நெட்டை ஃபெஸ்க்யூவை நான் விலக்குவது உங்கள் பெட்டைக்குதிரையின் பொருட்டு. வறட்சி, மிதிபாடு, மெலிந்த மண் எல்லாவற்றையும் தாங்கும் உறுதியான புல் அது. அந்த உறுதியின் ஒரு பகுதி அதற்குள் வாழும் ஒரு பூஞ்சையால் வருகிறது. வெளியே தெரியாத அந்தப் பூஞ்சை, விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். அது உண்டாக்கும் எர்கோவாலின் என்ற பொருள் சினைக்குதிரைக்குப் பெருங்கேடு செய்யும். சினைக்காலம் நீளும், நஞ்சுக்கொடி தடிக்கும், ஈனுவது சிரமமாகும், ஈன்றபின் மடியில் பால் இருக்காது. குட்டி ஈனுவதற்கு 60 முதல் 90 நாள் முன்பே அந்தப் புல்லையும் அதன் உலர்புல்லையும் முற்றாக நிறுத்தச் சொல்வார்கள். உலர்புல்லாகச் சேமித்து வைத்தால் நச்சு ஓரளவு குறையும், அற்றுப்போகாது. அமெரிக்காவில் 1943-இல் வெளியிடப்பட்டு மிகப் பரவலாக விதைக்கப்பட்ட கென்டக்கி 31 என்ற ரகம்தான் இந்தச் சிக்கலுக்குப் பெயர்போனது. பூஞ்சையே இல்லாத ரகங்களும், நச்சை உண்டாக்காத பூஞ்சையைப் புகுத்திய ரகங்களும் இப்போது கிடைக்கின்றன. சினைக்குதிரை இல்லாத, கோடையில் காயும் நிலத்துக்காரருக்கு இரண்டாவது வகையைத் தயங்காமல் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் பழைய வேலியோரத்திலோ கலப்பு விதையிலோ பூஞ்சையுள்ள செடி நுழைந்துவிட்டால், கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை.

பல்லாண்டு ரை புல்லின் கதையும் இதைப் போன்றதே. அதற்குள் வாழும் பூஞ்சை லோலிட்ரெம் பி என்ற நச்சை உண்டாக்க, தின்ற குதிரை தலை நடுங்கித் தள்ளாடும். பூஞ்சையற்ற ரகத்தைத் தேர்ந்தாலும் வேறொரு தடை இருக்கிறது: ரை புல் சர்க்கரையை மிகுதியாகச் சேர்க்கும் புல், உங்கள் மட்டக்குதிரைக்கு அது ஆகாது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். புல்தரைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விற்கப்படும் ஃபெஸ்க்யூ, ரை விதைகளில், பூச்சி அண்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பூஞ்சையை விரும்பி வைத்திருப்பார்கள். விலை மலிவு என்று அந்த விதையை வாங்கித் தீவன வயலில் போட்டுவிடக் கூடாது.

குளோவர் வகைகளில் ஆல்சைக் குளோவரைத் திட்டவட்டமாக விலக்குங்கள். குதிரையின் கல்லீரலைப் பாதிப்பதோடு, வெளுத்த தோலுள்ள இடங்களில் வெயில் பட்டதும் புண் உண்டாகவும் அது காரணமாகிறது. செங்குளோவரின் இலையில் ஈரப்பதமான பருவங்களில் ஒரு கரும்பூஞ்சை படரும். அதைத் தின்ற குதிரைக்கு எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் காய்ந்த புல்லிலும் அந்தக் குணம் நீடிக்கும். இவை போக, குளோவரின் சாறுள்ள தண்டு புல்லைவிட மெதுவாகக் காய்வதால், புல் காய்ந்துவிட்டது என்று நம்பிக் கட்டிய கட்டு உள்ளே பூசணம் பிடிப்பதுண்டு. குதிரையின் நுரையீரலுக்குப் பூசணத்தூளைவிடப் பகையானது வேறில்லை.

வெப்பப் பகுதியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சில வரிகள். கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், கிகுயு, செட்டேரியா, நேப்பியர் ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால், தீவனத்தில் கால்சியம் இருந்தும் குதிரைக்குச் சேராது, உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்கும், நாளடைவில் முகஎலும்பு வீங்கிப் பெருத்த தலைநோய் வரும். மாடு இதே புல்லில் நன்றாகவே வாழும். தினைப்பயிரை உலர்த்தி அதை மட்டுமே தொடர்ந்து போட்டால் குதிரைக்குச் சிறுநீரகமும் மூட்டும் எலும்பும் கெடும். சோளவகைத் தீவனத்தைக் குதிரைக்குத் தவிர்ப்பதே நலம். அங்கே ரோட்ஸ் புல்லும், தீவனத்துக்கென்று தேர்ந்தெடுத்த அருகம்புல் ரகங்களும், ஓராண்டுப் பயிராக டெஃப் புல்லும் நம்பத்தக்கவை. அருகம்புல்லை முற்றவிட்டு அறுத்தால் மட்டும் அதன் மெல்லிய நார் சிறுகுடலின் கடைசியில் அடைப்பை உண்டாக்கும்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். திமோத்தியைக் குதிரைக்காரர்கள் நூற்றாண்டுகளாக விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. குதிரை அதை விரும்பித் தின்னும், மெல்லிய தண்டு எளிதாகக் காயும், கதிர் தாமதமாக வெளிவருவதால் வசந்தத்தின் மழை ஓய்ந்து வெயில் நிலைத்தபின் அறுக்க முடியும். குளிரையும் கனத்த மண்ணையும் தாங்கும். அதன் குறை வேரில்தான்: மேலோட்டமாக ஓடும் வேர் என்பதால் கோடை காய்ந்தால் புல் உறங்கிவிடும், மறுதாம்பு சொற்பமாகவே இருக்கும். முதல் அறுப்பில்தான் அதன் விளைச்சலின் பெரும்பங்கு கிடைக்கும். அதனால்தான் தனித் திமோத்தி வயலைவிட, ஆழ வேரோடும் துணைப்புல் ஒன்றோடு சேர்ந்த வயலை நான் விரும்புகிறேன்.

அந்தத் துணை எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆர்ச்சர்டு புல் பலருடைய முதல் தேர்வு: வேகமாக முளைக்கும், அறுத்த சில நாளிலேயே தழைக்கும், இரண்டு மூன்று அறுப்புத் தரும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குதிரைகளை மேயவிட்டுச் செய்த சோதனைகளில் அது விளைச்சலில் முன்னும் விருப்பத்தில் பின்னும் நின்றது. ஆனால் பக்குவத்தில் அறுத்து உலர்த்திய ஆர்ச்சர்டு புல்லைக் குதிரைகள் ஒதுக்குவதை நான் அதிகம் கண்டதில்லை. என் தயக்கம் வேறு. அது திமோத்திக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கதிர் விடும். நான் தொடக்கத்தில் இவ்விரண்டையும் ஒரே வயலில் விதைத்தேன். திமோத்தி கதிர் விடும்வரை காத்தால் ஆர்ச்சர்டு புல் முற்றிக் கம்பியாகிவிடும், ஆர்ச்சர்டு புல்லின் பக்குவத்தில் அறுத்தால் தண்டு நீளும் பருவத்தில் வெட்டுப்பட்ட திமோத்தி அடுத்தடுத்த ஆண்டுகளில் மெலிந்து மறையும். என் வயலில் நான்காம் ஆண்டில் திமோத்தி இருந்த இடமே தெரியவில்லை. கலவையில் எத்தனை வகை இருக்கிறது என்பதைவிட, அவை ஒரே வாரத்தில் பக்குவத்துக்கு வருகின்றனவா என்று பார்ப்பதே முக்கியம். கடையில் விற்கும் கலவைகளை நான் பெரும்பாலும் ஏற்காததும் இதனால்தான்: ஆறேழு வகை ஒன்றாக இருக்கும், ரகத்தின் பெயர்கூட இல்லாமல் வகையின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும், இவற்றில் எதன் பக்குவத்தில் அறுப்பது என்பதற்கு விடையே இருக்காது.

புரோம் புல் மண்ணுக்கடியில் தண்டோட்டிப் பரவும், ஆழமாக வேர்விடும், குளிரையும் வறட்சியையும் தாங்கும், அதன் கதிர்க்காலம் திமோத்தியோடு ஓரளவு ஒத்துப்போகும். நச்சுக் கவலை ஏதும் இல்லாத புல் அது. முளைத்து நிலைபெற ஓராண்டு எடுத்துக்கொள்ளும் என்பதும், சில ஆண்டுகளில் தழைச்சத்துக் கிடைக்காவிட்டால் தன் வேரே தன்னை நெருக்கி இறுகிவிடும் என்பதும் அதன் குறைகள். அதுவும் கதிர் வருமுன் அறுப்பதைத் தாங்காது. உங்கள் வயல் கோடையில் மிகவும் காயும் இடம் என்றால், தாமதமாகக் கதிர்விடும் ரகமாகப் பார்த்து ஆர்ச்சர்டு புல்லைத் தனியாக விதைப்பது இரண்டாவது வழி.

கீழ்ப்பகுதிக்கு மெடோ ஃபெஸ்க்யூவைச் சொன்னேன். நெட்டை ஃபெஸ்க்யூவின் உறவு என்றாலும், இதில் வாழும் பூஞ்சை எர்கோவாலினை உண்டாக்குவதில்லை. இலை மென்மையானது, குதிரைகள் விரும்பும், ஈர மண்ணும் குளிரும் பொருந்தும். ஈரநிலத்துக்கு ரீட் கேனரி புல்லையும் சிலர் சொல்வார்கள். ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருள் குறைந்த ரகங்களே தீவனத்துக்கு ஆகும், அவையும் விரைவில் கரடுமுரடாகும், ஓடைக்கரை வழியே பரவி அடங்காமல் போகும். விதைப்பதற்கு முன் அந்த ஒரு ஹெக்டேரில் எக்விசீட்டம் எனும் குதிரைவால் செடி இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். கணுக்கணுவாகக் குழல்போல் நிற்கும் பூக்காத செடி அது, குதிரைவாலி என்ற சிறுதானியம் வேறு. உலர்புல்லில் கலந்த அந்தச் செடி குதிரையின் உடலில் உள்ள தயாமின் என்ற வைட்டமின் பி1-ஐ அழித்து, நடை தள்ளாடச் செய்யும். அது அடர்ந்திருந்தால் வடிகாலைச் சரிசெய்யாமல் அந்தப் பகுதியைக் குதிரைப் புல்லுக்கு ஒதுக்க வேண்டாம்.

குதிரைமசால் என்ற பெயரிலேயே குதிரை இருக்கும்போது அதை ஏன் கலவையில் சேர்க்கக் கூடாது என்று கேட்கலாம். அது நல்ல தீவனம்தான். சினையின் கடைசி மூன்று மாதத்திலும் பால் கொடுக்கும்போதும் உங்கள் பெட்டைக்குதிரைக்கு அதன் புரதமும் கால்சியமும் பேருதவி செய்யும். ஆனால் உடல் பெருத்த மட்டக்குதிரைக்கு அந்தச் சத்து மிகை. ஒரே கட்டில் இரண்டும் கலந்திருந்தால் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. தனிப் பாத்தியாக இருந்தால் கையில் அளந்து போடலாம். புல் மட்டும் உள்ள வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தை, அதன் அட்டை அனுமதிக்கும் காலத்தில், பயன்படுத்தவும் முடியும். பாத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்பு குதிரைமசால் நின்ற இடத்தில் உடனே மறுபடி விதைக்காதீர்கள். பழைய செடி மண்ணில் விட்டுச்செல்லும் பொருளே புதிய நாற்றை முளைக்கவிடாது, ஓராண்டாவது இடைவெளி வேண்டும்.

விதையின் அளவைக் கிலோவில் மட்டும் பார்ப்பது ஏமாற்றும். திமோத்தி விதை ஒரு கிலோவில் 20 லட்சத்துக்கும் மேல் இருக்கும். புரோம் விதை ஒரு கிலோவில் சுமார் 3 லட்சம்தான். ஹெக்டேருக்கு 5 கிலோ திமோத்தியும் 12 கிலோ புரோமும் போட்டால், எடையில் புரோம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தாலும், சதுர மீட்டருக்குத் திமோத்தி விதை 1,000-க்கும் அதிகமாகவும் புரோம் விதை 360 அளவிலும் விழும். ஆகவே மேற்பகுதிக்கு ஹெக்டேருக்கு 12 முதல் 14 கிலோ புரோமும் 3 முதல் 4 கிலோ திமோத்தியும் போதும். கீழ்ப்பகுதிக்கு 10 கிலோ மெடோ ஃபெஸ்க்யூவும் 4 கிலோ திமோத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். இவை முளைக்கும் தூய விதையின் அளவுகள். மூட்டையில் தூய்மை 90 விழுக்காடு, முளைப்புத்திறன் 80 விழுக்காடு என்றிருந்தால் பயன்படுவது 72 விழுக்காடுதான். 10 கிலோ வேண்டுமிடத்தில் ஏறத்தாழ 14 கிலோ வாங்க வேண்டும். சான்றுபெற்ற விதையே வாங்குங்கள், அட்டையில் களைவிதையின் அளவையும் படியுங்கள். புரோம் விதை பதர்போல் இலேசாக இருந்து விதைப்புக் கருவியின் துளையை அடைக்கும், திமோத்தி மணல்போல் அடியில் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டாமல், சிறுவிதைக்கான பெட்டியில் திமோத்தியைத் தனியே போட வேண்டும்.

விதைப்பதற்கு ஆறு மாதம் முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இட வேண்டும், அது மண்ணோடு சேர்ந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். குதிரைமசால் பாத்திக்கு 6.8-ஐ ஒட்டியிருப்பது நல்லது. பழைய புல்லையும் களையையும் அரைகுறையாகக் கொன்றுவிட்டு விதைத்ததே நான் பார்த்த பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். பல்லாண்டுக் களைகள் இருக்கும் வயலை ஒருமுறை உழுது விதைத்தால், வெட்டுப்பட்ட ஒவ்வொரு வேர்த்துண்டும் புதுச் செடியாகும். களைக்கொல்லி பயன்படுத்துவதானால், செடிகள் ஒரு சாண் உயரம் பச்சையாகத் தழைத்து நிற்கும்போது தெளித்தால்தான் மருந்து வேர்வரை இறங்கும். அமினோபைரலிட் போன்ற நீடித்து நிற்கும் மருந்துகள் முன்பு அடிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள். அவை மண்ணில் தங்கிக் குதிரைமசால் முளையைக் கெடுக்கும். உலர்புல்லில் ஏறி, குதிரையின் குடலையும் சிதையாமல் கடந்து, சாணத்தின் வழியே காய்கறித் தோட்டத்தையும் கெடுக்கும்.

கடுங்குளிர்ப் பகுதியில் கோடையின் கடைசியில், முதல் கடும் உறைபனிக்கு ஆறு வாரமாவது முன்னதாக விதைப்பதே என் விருப்பம். வசந்தத்தில் விதைத்தால் ஓராண்டுக் களைகள் நாற்றோடு சேர்ந்து முளைத்து முந்திக்கொள்ளும். உழுது பரம்படித்தபின் உருளையால் நன்றாக இறுக்குங்கள்: மேலே நடந்தால் காலடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமிழக் கூடாது. திமோத்தியை அரை சென்டிமீட்டர் ஆழத்திலும், புரோமை ஒரு சென்டிமீட்டரை ஒட்டியும் வைத்து, மறுபடி உருளை ஓட்டுங்கள். பொலபொலவென்ற மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போன சிறுவிதை வெளியே வராது. சரிவான இடத்தில் மண் அரிப்புக்கு அஞ்சினால் ஓட்ஸைத் துணைப்பயிராக மெலிதாக விதைக்கலாம். அதைத் தானியத்துக்கு விடாமல் இளசாகவே அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நிழலிலேயே நாற்று வதங்கும்.

முதல் ஆண்டு புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். வேரோடு எளிதாக வந்தால் அதில் குதிரையை மேயவிடும் காலம் வரவில்லை. களை உயர்ந்தால் நாற்றுக்கு மேலாகச் சீவிவிடுவது போதும். பின்வரும் ஆண்டுகளில் கதிர் வெளிவந்து பூக்கத் தொடங்குமுன் அறுங்கள், அரிவாளோ எந்திரமோ 10 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். திமோத்தி அடுத்த தழைப்புக்கான சேமிப்பை அடித்தண்டின் வீங்கிய கிழங்குபோன்ற பகுதியில் வைத்திருக்கிறது, அதை வெட்டினால் செடியின் உயிரையே வெட்டியதாகும். கட்டும்போது ஈரம் 15 முதல் 18 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு டன் உலர்புல்லோடும் 20 முதல் 25 கிலோ அளவு சாம்பல்சத்து வயலைவிட்டு வெளியேறுகிறது. அதைத் திரும்ப இடாத வயலில் முதலில் மெலிவது நாம் விதைத்த நல்ல புல்தான், அந்த இடத்தில் களை அமரும். உங்கள் பழைய வயலுக்கும் இதுவே நேர்ந்திருக்கலாம், மண்சோதனையில் தெரிந்துவிடும்.

மட்டக்குதிரையைப் பற்றி ஒன்று மட்டும் பாக்கி. குளிர்ப்பகுதிப் புற்கள் எல்லாமே ஃபிரக்டான் என்ற சர்க்கரையைத் தண்டில் சேர்ப்பவை. தெளிந்த வெயில் பகலும் குளிர்ந்த இரவும் மாறிமாறி வரும் நாட்களில் அது ஏறும். திமோத்தி என்பதாலேயே சர்க்கரை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி வரக்கூடிய குதிரைக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒவ்வோர் அறுப்பிலும் பல கட்டுகளிலிருந்து துளைகுழாயால் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்தால் அந்த அறுப்பைச் சவாரிக் குதிரைகளுக்கு வைத்துக்கொண்டு, மட்டக்குதிரைக்குச் சற்று முற்றிய வேறு அறுப்பைப் போடுங்கள், அதுவும் இல்லாதபோது அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரத்தோடேயே அன்றன்றைக்கு மட்டும் கொடுங்கள்.